நாற்பதைத் தாண்டிப் புத்தகம் ஒப்புநோக்க வருபவருக்கு

முள்ளியவளையில் இருந்து ஒரு சகோதரி கேட்ட கேள்விக்கு எழுதும் பதில் இது. அவருக்கு வயது 47. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். உயர்தரத்தில் தமிழ் ஒரு பாடமாக எடுத்தவர், பட்டம் இல்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் வேலை செய்ய விருப்பம். இந்த வயதில் தொடங்கலாமா, எதைப் படிக்க வேண்டும், வன்னியில் இருந்துகொண்டு இதற்கு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்.

தொடங்கலாம். நாற்பதைத் தாண்டி இந்த வேலைக்கு வருவது நல்லது என்றுகூடச் சொல்வேன். பிழையைக் கண்டுபிடிக்க இலக்கணமும் கூர்மையான கண்ணும் போதும். சரியாக இருப்பதைப் பிழை என்று நினைத்து மாற்றாமல் விட, கொஞ்சம் வாழ்ந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் புத்தகங்கள் அதிகம் கெட்டுப்போவது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

ஒருவர் தன் ஊரின் கதையை எழுதுகிறார் என்று வையுங்கள். "சூடு மிதித்து முடிய இருட்டிவிட்டது" என்று ஒரு வரி. கதிரில் இருந்து நெல்லைப் பிரிக்கும் வேலையைத்தான் நாங்கள் சூடு மிதிப்பது என்போம். வயலைக் காணாத ஒருவர் அதைப் பார்த்தால் 'சூடு' என்ற சொல்லில் நின்றுவிடுவார். தமிழ்நாட்டு வழக்குப்படி 'போரடித்து' என்று மாற்றுவார். தமிழ்நாட்டில் அது சரியான சொல். ஆனால் வன்னியைப் பற்றிய புத்தகத்தில் 'போர்' என்ற சொல் வந்தால் வாசிப்பவர் எதை நினைப்பார்? "குளம் வான் பாய்ந்தது" (நிறைந்து மேலதிக நீர் வழிந்தது) என்ற இடத்தில் ஏதோ சொல் விடுபட்டிருக்கிறது என்று நினைப்பார்கள். குளத்து மதகான 'துருசு' என்பதைத் 'துரு' ஆக்குவார்கள். "காலபோகத்தில் (மாரிப் போகத்தில்) விதைத்த நெல்" என்பது "காலப்போக்கில் விதைத்த நெல்" ஆகிவிடும். வசனம் இலக்கணப்படி சரியாகவே இருப்பதால் பிறகு யார் கண்ணிலும் படாது. உழுந்து இன்னொன்று. 'உளுந்து' என்று திருத்தக் கை துடிக்கும். ஆனால் அகநானூற்றிலேயே 'உழுந்து' இருக்கிறது. வவுனியாவில் உழுந்து விதைத்தவர் அப்படி எழுதினால் அதைத் தொட வேண்டிய தேவை இல்லை.

இவற்றை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. இளம் பட்டதாரி ஒருவர் இவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும். உங்கள் கைமுதல் இது.

சரி, இனி வேலையைப் பற்றி. புத்தகம் செய்வதில் மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன. எங்கள் ஊர்களில் மூன்றையும் 'புறூவ் பார்த்துத் தாங்கோ' என்றே கேட்பார்கள். ஒன்று செம்மையாக்கம்: அத்தியாயத்தை முன்பின்னாக மாற்றுவது, திரும்பத் திரும்ப வருவதை வெட்டுவது. அடுத்தது மொழித் திருத்தம்: வசனத்தை நேராக்குவது. மூன்றாவதுதான் ஒப்புநோக்கல். எழுதியவரின் மூலப்பிரதியையும் பக்கமாக்கி வந்த பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வந்திருக்க வேண்டியது வந்திருக்கிறதா என்று பார்ப்பது. பேரேட்டையும் பற்றுச்சீட்டையும் ஒத்துப் பார்த்த உங்களுக்கு இந்த மூன்றாவது வேலை புதிதல்ல. இதிலேயே தொடங்குங்கள். மற்ற இரண்டையும் ஒருவர் கேட்டால், அது வேறு வேலை, வேறு நேரம், வேறு கூலி என்று முதலே சொல்லிவிடுங்கள்.

இலக்கணத்தில் எவ்வளவு தேவை என்று பலர் பயப்படுகிறார்கள். நன்னூல் முழுவதும் வேண்டாம். சொற்கள் சேரும்போது வரும் புணர்ச்சியும் வல்லினம் மிகும், மிகா இடங்களும் கைக்குள் இருக்க வேண்டும். சாதாரண தரத் தமிழ்ப் புத்தகங்களில் உள்ளதைத் திரும்ப எடுத்துப் படித்தாலே அடித்தளம் வந்துவிடும். விதியை மனப்பாடம் செய்வதைவிட, ஒற்று எதற்காக நிற்கிறது என்று பொருளோடு பிடித்துக்கொள்வது நல்லது. "பாலை காய்த்தது" என்றால் பாலை மரம் காய்த்தது. எழுவாய், ஒற்று இல்லை. "பாலைக் காய்ச்சினாள்" என்றால் அடுப்பில் பால். இரண்டாம் வேற்றுமை, ஒற்று உண்டு. எழுத்தில் இரண்டும் 'பாலை'தான். அந்தக் 'க்' ஒன்றுதான் மரத்தையும் பாலையும் பிரிக்கிறது. இப்படிச் சொந்தமாக ஒரு நாற்பது, ஐம்பது சோடி உண்டாக்கி எழுதி வையுங்கள். அட்டவணையைவிட அது நன்றாக நிற்கும்.

'வந்து பார்த்தான்' என்பதில் ஒற்று இல்லை, 'படித்துப் பார்த்தான்' என்பதில் உண்டு. 'எழுதிய கடிதம்' ஒற்று இல்லை, 'எழுதக் கேட்டான்' உண்டு. அடிக்கடி வரும் இடங்கள் இப்படிச் சில பத்துத்தான். பெயர்ப்பலகைகளில் 'பிரதேச சபை' என்று ஒற்றில்லாமல் இருக்கும். அது ஒரு நிறுவனத்தின் பெயர். பெயரை அவர்கள் எழுதும்படியே விடுங்கள்.

எழுத்து மயக்கத்தில் எங்களுக்கென்று ஒரு பலவீனம் உண்டு. எங்கள் பேச்சில் லகரம் தெளிவாகத் தனித்து நிற்கும். ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கும். அதனால் எங்கள் தட்டச்சில் 'வேலை', 'வேளை' குழம்புவது குறைவு. 'வழி' 'வளி', 'அழி' 'அளி' நிறையக் குழம்பும். "அரசாங்கம் 50 குடும்பங்களின் காணிகளை அளித்தது" என்பதில் ஓர் எழுத்து மாறினால் வரும் பொருளை யோசித்துப் பாருங்கள். கணினி இதைப் பிடிக்காது. இரண்டுமே உண்மையான சொற்கள். ரகர றகரமும் அப்படித்தான்: கரை, கறை, இரை, இறை. வாசிக்கும்போது இந்தச் சொற்கள் வருகிற இடமெல்லாம் ஒரு கணம் நிற்கிற பழக்கம் வேண்டும்.

அகராதிக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பழைய சொல்லுக்கு அதுதான். இன்றைய எழுத்துக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. இலங்கை வழக்குச் சொற்களை அப்படியென்று குறித்துத் தருவது அதன் பெரிய உதவி. வெளியூர்ப் பதிப்பாளர் ஒருவர் ஒரு சொல்லைப் பிழை என்று சொன்னால், அதைக் காட்டிக் கதைக்கலாம். எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி என்று இணையத்தில் கருவிகள் இருக்கின்றன. கடைசியாக ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பதற்கு அவை உதவும். ஆனால் எங்கள் வயற் சொற்களிலும் ஊர்ப் பெயர்களிலும் கருவி சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள்.

மாதப் பெயர், பொருட்பெயர் விடயத்தில் தொடங்கும் முன்பே ஒரு முடிவு வேண்டும். நாங்கள் யூன், யூலை, ஒக்டோபர் என்று எழுதுவோம். சென்னையில் அச்சாகும் புத்தகத்தில் ஜூன், ஜூலை, அக்டோபர் என்று மாற்றச் சொல்வார்கள். கதிரை நாற்காலியாகும், சவர்க்காரம் சோப்பாகும். மாற்றலாமா என்று எழுத்தாளரிடம் கேட்பது உங்கள் கடமை. கேட்டபின் கிடைத்த முடிவை ஒரு கொப்பியில் அகர வரிசைப்படி எழுதிக்கொண்டு போங்கள்: கோவிலா கோயிலா, வாழ்த்துகளா வாழ்த்துக்களா, திருமுறிகண்டியா திருமுறுகண்டியா. 12ஆம் பக்கத்தில் எடுத்த முடிவு 212ஆம் பக்கத்தில் நினைவிருக்காது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனிக் கொப்பி.

உரையாடல்களில் மட்டும் இந்த ஒருமைப்பாட்டை வலிந்து புகுத்த வேண்டாம். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்கள் எத்தனை! ஒரு கதையில் அந்தக் குடும்பத்து அம்மாவும் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஆசிரியரும் கதைக்கிறார்கள் என்றால், இருவருடைய தமிழும் வேறாகத்தான் இருக்கும். எல்லாரையும் ஒரே மாதிரிக் கதைக்க வைத்த புத்தகங்களை வாசித்து எனக்கு மனம் நொந்திருக்கிறது. அந்த அம்மாவின் பேச்சுத்தான் அவர் யார் என்று சொல்வது. அதைத் திருத்துவது அவரையே கதையில் இருந்து எடுத்துவிடுவது.

இப்போது, நான் மிக முக்கியமாக நினைக்கும் பகுதி. வன்னியில் எழுதப்படுகிறவற்றில் பெரும்பங்கு நினைவு. இடம்பெயர்ந்த பாதை, இழந்தவர்களின் பெயர், நாள். இங்கே ஓர் எழுத்துப்பிழை வெறும் எழுத்துப்பிழை அல்ல. ஒரே மாவட்டத்தில் முல்லைத்தீவு லகரம், முள்ளியவளையும் முள்ளிவாய்க்காலும் ளகரம். இது உங்களுக்குத் தெரியும், பக்கம் வடிவமைப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். 2009 இறுதிப் போரில் இடம்பெயர்ந்த பாதையை எழுதுகிற ஒருவர், பரந்தனில் இருந்து விசுவமடுவுக்கு வந்து அங்கிருந்து தருமபுரத்துக்குப் போனோம் என்று எழுதியிருந்தால், பாதை தெரிந்த உங்களுக்கு உடனே உறுத்தும். பரந்தனில் இருந்து வந்தால் தருமபுரம்தானே முதலில். ஆனால் திருத்தாதீர்கள். மக்கள் முன்னுக்கும் பின்னுக்கும் அலைந்த காலம் அது. திரும்பிப் போயிருக்கலாம். பென்சிலால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, 'தருமபுரம் முதலா, அல்லது திரும்பிப் போனீர்களா?' என்று கேளுங்கள். விடை எதுவாக இருந்தாலும் அது எழுதியவருடையது.

திகதியும் அப்படித்தான். எங்கள் ஆட்கள் பெப்ரவரியை மாசி என்றும் மே மாதத்தை வைகாசி என்றும் எழுதுவது வழக்கம். 'மாசி 4' என்று இருந்தால் அது பெப்ரவரி 4ஆ, அல்லது பஞ்சாங்கத்து மாசி 4ஆம் நாளா? இரண்டாவது என்றால் பெப்ரவரி நடுப்பகுதிக்குப் போய்விடும். ஏறக்குறைய இரண்டு கிழமை வித்தியாசம். ஒரு மரணத்தின் திகதியாக இருந்தால் இதைக் கேட்காமல் விடவே கூடாது. பெயர்களையும் கேட்க வேண்டும்: இராசம்மாவா ராசம்மாவா, இரத்தினமா ரத்தினமா. குடும்பத்தார் எழுதுவதுதான் சரி.

ஐயம் வந்தால் கேட்பது, மூலத்தோடு ஒப்பிடாமல் கை வைக்காமல் இருப்பது, இவை எங்கள் மண்ணில் பழைய பழக்கங்கள். வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்து நடத்திய ஆறுமுக நாவலரும், அவருக்குப் பின் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏடுகளை ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தார்கள்.

கணினியைக் கண்டு ஒதுங்க வேண்டாம். வேர்டில் திருத்தங்களைக் குறித்துக் காட்டும் 'ட்ராக் சேஞ்சஸ்' வசதியும், பீடிஎஃப் கோப்பில் குறிப்பு எழுதத் தெரிவதும் போதும். பிள்ளைகளிடம் ஒரு பின்னேரம் கேட்டால் பழகிவிடலாம். ஆனால் ஒரு விடயத்தில் எச்சரிக்கை. இங்கே பழைய பிரதிகள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. பாமினி ஒருங்குறி (யூனிகோட்) அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஒருங்குறிக்கு மாற்றும்போது சில எழுத்துகள் பிசகும். 'ஔ'வன்னாவுக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக நிற்கும், துணைக்காலுக்குப் பதில் ரகரம் வந்து உட்காரும். அச்சில் கண்ணுக்கு ஒன்று போலத் தெரிவதால் பலர் விட்டுவிடுவார்கள். பிறகு மின்னூலில் 'ஔவை' என்று தேடினால் வராது. இன்னொரு புதுப் பிரச்சினை, வயதான எழுத்தாளர்கள் கைத்தொலைபேசிக்குச் சொல்லித் தட்டச்சாக்கும் பிரதிகள். அவற்றில் சொற்கள் எல்லாம் அகராதியில் உள்ளவையாகவே இருக்கும், ஆனால் அவர் சொன்ன சொல்லாக இருக்காது. அப்படிப்பட்ட பிரதி என்றால் எழுத்தாளரைப் பக்கத்தில் வைத்தோ தொலைபேசியிலோ உரக்க வாசித்துத்தான் ஒப்பிட வேண்டும்.

உரக்க வாசிப்பது எப்போதும் நல்லது. பழைய அச்சகங்களில் ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றவர் அச்சுப் பிரதியைப் பார்ப்பார். வீட்டில் மகளோ மகனோ அரை மணித்தியாலம் வாசித்தால் அதே வேலை நடக்கும். தனியாகச் செய்தால் வரிக்குக் கீழே அடிமட்டம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் மணித்தியாலத்துக்கு 6 முதல் 8 பக்கம் என்று வைத்தால் கவனம் நிற்கும். அதைவிட வேகமாகப் போனால் கதையை வாசிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வெள்ளெழுத்து உங்கள் வயதில் வந்திருக்கும். கண்ணாடியைத் தள்ளிப்போடாதீர்கள். கடதாசிக்கு வேண்டிய தூரம் வேறு, கணினித் திரைக்கு வேண்டிய தூரம் வேறு. பரிசோதிக்கும்போது இரண்டையும் சொல்லுங்கள். கேட்டால் அச்சகம் பெரிய எழுத்தில் ஒரு பிரதி எடுத்துத் தரும்.

பிழை பெரும்பாலும் பெரிய எழுத்தில்தான் ஒளிந்திருக்கும். அட்டை, முதுகுப் பக்கம், அத்தியாயத் தலைப்பு, பக்கத்தின் மேல்வரி, படத்தின் கீழ்க்குறிப்பு, பொருளடக்கத்தில் உள்ள பக்க எண். உடல் பகுதியை முடித்தபின் இவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு சுற்று. புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். இலக்கத்தையும் சரிபாருங்கள். இலங்கையில் அதைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை கொடுக்கிறது. 978-க்குப் பின் 955 அல்லது 624 வரும். பதின்மூன்று இலக்கங்களையும் முறையே 1ஆலும் 3ஆலும் மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் பத்தால் மிச்சமின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் எங்கோ ஓர் எண் மாறியிருக்கிறது. கணக்கு எழுதிய உங்களுக்கு இது ஒரு நிமிட வேலை.

கடைசிப் பிரதியில் ஒரு வசனத்தை நீட்டச் சொல்லும்போது யோசியுங்கள். அச்சகத்தில் பெரும்பாலும் 16 பக்கங்களை ஒரு தொகுதியாக அடிப்பார்கள். இரண்டு வரி கூடி ஒரு பக்கம் தள்ளினால் எழுத்தாளருக்கு வீண் செலவாகலாம். முடிந்தவரை அதே வரிக்குள் திருத்தம் முடியட்டும்.

பயிற்சிக்கு நூலகம் எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். 2005இல் தொடங்கிய அந்தத் தளத்தில் ஈழத்துப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. ஒரு பழைய புத்தகத்தில் பத்துப் பக்கத்தை நீங்களே தட்டச்சு செய்து, ஒரு கிழமை விட்டு, மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கை எங்கே சறுக்குகிறது என்று அதில் தெரியும். மற்றவர் பிழையையும் அதே இடங்களில் நீங்கள் தவறவிடுவீர்கள்.

வேலை கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் முதலில் பதிப்பகங்களிடம் இருந்து வராது. கோவில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், பிரதேச கலாசாரப் பேரவையின் மலர், இறந்தவரின் 31ஆம் நாளுக்கு அடிக்கும் 'கல்வெட்டு' என்ற நினைவுப் புத்தகம், இவைதான் முதல் வாசல். கல்வெட்டைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். தேவாரத்தில் இருந்து வம்சவழி வரை எல்லாம் அதில் உண்டு. மருமக்கள் பேரப்பிள்ளைகள் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பத்தில் பல வருடத்துக்குக் கதை இருக்கும். அச்சடித்து முடிக்க வேண்டிய நாள் நகராது. நெருக்கடியில் நிதானமாக வேலை செய்யப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. உங்கள் பக்கத்து அச்சகத்தில் சொல்லி வையுங்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நடக்கும் நூல் வெளியீடுகளுக்குப் போங்கள், எழுத்தாளர்களோடு கதையுங்கள். வெளிவந்த புத்தகத்தின் பிழைகளைப் பட்டியல் போட்டு முகநூலில் எழுதி வேலை தேடாதீர்கள். அடுத்த புத்தகத்தில் பத்துப் பக்கம் இலவசமாகப் பார்த்துத் தருகிறேன் என்று எழுதியவரிடம் தனியாகச் சொன்னால் அவர் உங்களை மறக்க மாட்டார். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று இருக்கும் எழுத்தாளர்களும் வன்னிச் சொல் தெரிந்த ஒருவரைத் தேடுகிறார்கள். கோப்பு மின்னஞ்சலில் வருவதால் நீங்கள் முள்ளியவளையை விட்டு நகர வேண்டியதில்லை.

பணம் பற்றிச் சுருக்கமாக. இதை மட்டும் நம்பி இப்போதே குடும்பம் நடத்த முடியாது. இருக்கிற வருமானத்தை விடாமல் தொடங்குங்கள். பக்கக் கணக்கில் பேசினால் எழுத்தின் அளவைச் சின்னதாக்கிப் பக்கத்தைக் குறைத்துவிடலாம் என்பதால், 1000 சொல்லுக்கு இவ்வளவு என்று பேசுவது நல்லது. எத்தனை சுற்று என்று முதலே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றுக்குப் பிறகு எழுத்தாளர் புதிதாக அத்தியாயம் சேர்த்தால் அது புது வேலை. பாதிப் பணம் தொடங்கும்போது, மீதி கடைசிப் பிரதி கொடுக்கும்போது. உறவினர் என்றாலும் இதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது எழுதி வையுங்கள்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். புத்தக விபரம் அச்சாகும் பக்கத்தில் 'ஒப்புநோக்கல்' என்று போட்டு உங்கள் பெயர் வர வேண்டும். பலர் கூச்சத்தில் கேட்பதில்லை. அடுத்த எழுத்தாளர் உங்களைத் தேடி வருவது அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான்.